அம்மாவின் நோயையும் கடவுள்தான் படைத்தாரா?

கேள்வி: எங்கள் திருச்சபையின் ஞாயிறு பள்ளியில் எட்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். படைப்பின் ஆறு நாட்களைச் சொல்லி முடித்து, “எல்லாவற்றையும் படைத்தவர் யார்?” என்று கேட்டேன். எல்லாரும் “கடவுள்” என்றார்கள். ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, “அம்மாவுக்கு வந்த புற்றுநோயையும் அவர்தான் படைத்தாரா?” என்றான். அவனுடைய தாய் சிகிச்சையில் இருக்கிறார். தடுமாறிப்போய், “எல்லாம் கடவுளின் சித்தம்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஜெபத்துக்குக் கண் மூடுவதுமில்லை. பொறுப்பாளரோ ஏசாயா 45:7-ஐக் காட்டி, “தீங்கை உண்டாக்குகிறவரும் நானே என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார், நீங்கள் சொன்னது சரிதான்” என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பையனிடம் போங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாக. “அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் அம்மாவின் நோயைக் கடவுள் படைக்கவில்லை” என்று சொல்லுங்கள். வேறு எதையும் அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம். இதைச் சொல்வதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பொறுப்பாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

“காணப்படுகிறதும் காணப்படாததுமான எல்லாவற்றையும்” படைத்தவர் என்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அந்தச் சொற்களை எழுதியபோது, அவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டிலேயே சிலர், இந்த மண்ணும் சதையும் ஒரு தாழ்ந்த தெய்வத்தின் கைவேலை என்றும், உண்மையான கடவுளுக்கும் இந்த அழுக்கு உலகத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் போதித்தார்கள். உலகத்தைப் படைத்தவர் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று அக்காலத்துப் போதகர் மார்சியோன் சொன்னார். லியோன் நகரத்து ஆயர் இரேனியு அவர்களோடு வாதாடியதன் சாரம் இதுதான்: படைத்தவரும் மீட்பவரும் ஒருவரே, நம் உடலும் அவர் படைப்பே, ஆகையால் அது நல்லது.

ஆக, “எல்லாம்” என்ற அந்தச் சொல் மண்ணின் மானத்தைக் காக்க வந்த சொல். நடக்கிற ஒவ்வொரு கொடுமையையும் கடவுளின் கணக்கில் எழுதுவதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரமும் அப்படித்தான். ஒளி, நீர், விதை, பறவை, மனிதன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, “நல்லது என்று கண்டார்” என்று திரும்பத் திரும்ப முத்திரை வைக்கிறது. அந்த அதிகாரத்தில் நோய் என்ற படைப்பு எந்த நாளிலும் இல்லை.

அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன். நன்மைக்கு ஒரு மூலம், தீமைக்கு வேறொரு மூலம் என்று போதித்த மானிக்கேய மார்க்கத்தில் ஒன்பது ஆண்டுகள் போல இருந்துவிட்டுத் திரும்பியவர். பிற்காலத்தில் அவர் எழுதிய ஒரு கையேட்டில் உடல்நோயையே உதாரணமாக எடுக்கிறார். ஒருவன் குணமாகும்போது, அவனிடமிருந்த நோய் எழுந்து வேறோர் இடத்துக்குக் குடிபோவதில்லை, இல்லாமலே போய்விடுகிறது. ஏனென்றால் அது தனக்கென்று ஒரு பொருளாக இருந்ததே இல்லை. நல்ல உடலில் ஏற்பட்ட குறைவு அது.

புற்றுநோயைப் பற்றி மருத்துவம் சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள். நாம் கருவிலிருந்து வளர்ந்ததும், காயம் ஆறுவதும் செல்கள் பிரிந்து பெருகுவதால்தான். அதே பெருக்கம் தன் கட்டுப்பாட்டை இழக்கும்போது அதற்குப் புற்றுநோய் என்று பெயர். வெளியிலிருந்து வந்து புகுந்த இன்னொரு படைப்பு அல்ல அது. நல்லதாகக் கொடுக்கப்பட்ட ஒன்று சிதைந்துபோனது.

இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் வலியில் துடிக்கிற தாயிடம் போய் “இது வெறும் குறைவு” என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவருக்கு அது ‘இருக்கிறது’, இரவெல்லாம் இருக்கிறது. அகுஸ்தீன் நமக்குத் தெளிவு தருகிறார். அந்தத் தாய்க்கும் மகனுக்கும் தேவைப்படுவது வேறு.

ஏசாயா வசனத்துக்கு வருகிறேன். 45-ஆம் அதிகாரம் பாரசீக அரசன் கோரேசை நோக்கிப் பேசுகிறது. முதல் வசனத்திலேயே அவன் பெயர் இருக்கிறது. சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களை விடுவிக்க ஓர் அந்நிய அரசனையும் கர்த்தர் எழுப்புவார், பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் அவர் கைக்கு வெளியே இல்லை, அவருக்குப் போட்டியாக இன்னொரு தெய்வம் இல்லை என்பது அங்கே பேச்சு. ‘தீங்கு’ என்று நம் வேதாகமத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘ரா’. பொல்லாப்பையும் குறிக்கும், பேரிடரையும் குறிக்கும். யோனா 3:10-ஐத் திறந்து பாருங்கள். நினிவே மக்களின் “பொல்லாத” வழி, கடவுள் அவர்களுக்குச் செய்வேன் என்று சொல்லியிருந்த “தீங்கு” இரண்டுக்கும் மூலத்தில் அதே சொல்தான் வருகிறது. ஏசாயாவில் அது ‘சமாதானம்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது. ஆகவே நாடுகள்மேல் வரும் அழிவு என்றே அதைப் படிக்க வேண்டும். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தாய்க்கு வந்த கட்டியைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்து வீசுவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம். இதைப் பொறுப்பாளரிடம் மரியாதையோடு, ஆனால் தயங்காமல் சொல்லுங்கள்.

“படைத்துத் தாங்குகிறவர் ஏன் தடுக்கவில்லை?” என்று அந்தப் பையன் அடுத்துக் கேட்பான். அறிவுள்ள பிள்ளை, கேட்கத்தான் செய்வான். வேதாகமத்தில் பெருந்துன்பத்தில் கிடந்த யோபுவும் அதைத்தான் கேட்டார். “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?” என்று தொடங்கி நான்கு அதிகாரங்கள் கடவுள் பேசுகிறார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுளுடைய கோபம் யார்மேல் மூண்டது என்று பாருங்கள். யோபுவின் துன்பத்துக்கு அழகழகாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள்மேல்.

என் தம்பியைச் சிறுவயதில் இழந்தோம். துக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், “தோட்டக்காரருக்குப் பிடித்த பூவை அவர் பறித்துக்கொண்டார்” என்று என் தலையைத் தடவிச் சொன்னார். அன்போடுதான் சொன்னார். அந்தத் தோட்டக்காரரிடம் ஜெபிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் மாணவன் ஏன் கண் மூடுவதில்லை என்பது எனக்குப் புரிகிறது.

எனக்கு வழி திறந்தது யோவான் சுவிசேஷத்தில். முதல் அதிகாரத்தில் “சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று” என்று எழுதியவர், பதினோராம் அதிகாரத்தில் அந்த ‘அவர்’, அதாவது இயேசு, இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டதாக எழுதுகிறார். பதினோராம் அதிகாரத்தை எத்தனையோ முறை படித்திருந்தேன். முதல் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்ததில்லை. படைத்தவர் அழுகிறார். மரணம் அவருடைய திட்டத்தில் ஒரு நல்ல பூச்செண்டு என்றால் அங்கே எதற்காக அழவேண்டும்? லூக்கா 13-இலும் பாருங்கள். பதினெட்டு வருடம் கூனியாய் இருந்த பெண்ணிடம் அவர், “இது பிதா உனக்குத் தந்தது” என்று சொல்லவில்லை. சாத்தான் கட்டிய கட்டு என்று பெயரிட்டு அவிழ்த்துவிட்டார். கிறிஸ்தவர்கள் படைப்பாளர் என்று அழைப்பது இவரைத்தான்.

ஆகவே பையனிடம் இந்த அளவில் பேசுங்கள்: “உன் அம்மாவைக் கடவுள் படைத்தார். நோயை அவர் படைக்கவில்லை. நோயைப் பார்த்து உனக்குக் கோபம் வருகிறதே, அவருக்கும் அப்படித்தான். ஏன் இன்னும் அதை எடுத்துப்போடவில்லை என்று எனக்குத் தெரியாது. நாம் அவரிடமே கேட்கலாம்.” குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதற்கு உங்களுக்கோ எனக்கோ அதிகாரமில்லை. தண்டனையா என்று அவன் கேட்டால், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி அதே லூக்கா 13-இல் இயேசு சொன்னதைச் சொல்லுங்கள்: மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் அல்ல.

ஜெபிக்க வற்புறுத்த வேண்டாம். ஆனால் 13-ஆம் சங்கீதத்தை அவனுக்குக் காட்டுங்கள்: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” கடவுளிடம் இப்படிக் கோபமாகப் பேசலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது, நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. விரும்பினால் அவன் அதைத் தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும். கண்ணைத் திறந்தபடியே வாசிக்கட்டும்.

அவன் தாய்க்கு உடம்பு இடங்கொடுக்கிற நாளாகக் கேட்டு, ஒருமுறை வீட்டுக்கும் போய்வாருங்கள். மகன் கேட்ட கேள்வியை அவரும் யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கக்கூடும்.