உருளைக்கிழங்கு சாலட்டும் கோதுமை ஆகாத பிள்ளையும்: கேள்வி பதில்

எங்கள் மகனுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது, அதாவது கோதுமை போன்றவற்றைச் சாப்பிட்டால் சிறுகுடல் கெடுகிற நோய். 12 வருடமாக எங்கள் வீட்டு அடுப்பில் கோதுமை ஏறவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, விருந்து என்றால் பலரும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சமைக்கிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, தினமும் இதைச் சமைக்கிற ஓர் அம்மா.

அக்கா, சனிக்கிழமை என் மகளுக்குப் பிறந்தநாள். வரப்போகிற தோழி ஒருத்திக்கு குளூட்டன் ஆகாது. உருளைக்கிழங்கு சாலட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் தங்கச்சி. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். உருளைக்கிழங்கு, முட்டை, கேரட், வெங்காயம் எதிலும் அது இல்லை.

ஆனால் நம் ஊர்ப் பிறந்தநாள் சாலட் வெறும் கிழங்கோடு நிற்பதில்லையே. கூடவே மக்கரோனி போடுவோம், அது கோதுமை. சோசேஜ் நறுக்கிப் போடுவோம், அதில் மாவு கலந்திருக்கலாம். நண்டுக் குச்சி என்று விற்பது அரைத்த மீன், பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து சேர்ந்தது. மேலே தூவுகிற பொரித்த வெங்காயத்தைக்கூட சில பேர் மாவில் புரட்டித்தான் பொரிக்கிறார்கள். மயோனீஸ் என்பது முட்டை, எண்ணெய், வினிகர். பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மால்ட் வினிகர் என்றால் அது பார்லியில் செய்தது. கடுகுப் பசை சேர்ப்பதாக இருந்தால் அதையும் பாருங்கள், சிலவற்றில் கோதுமை மாவு உண்டு.

அப்புறம் கரண்டி. மீ கோரேங் (கோதுமை நூடுல்ஸ்) கிண்டிய கரண்டியால் சாலட்டை அள்ளினால் இத்தனை கவனமும் வீண்.

பாக்கெட்டில் எல்லாம் மலாயில் இருக்கிறது. எந்த வார்த்தையைத் தேட வேண்டும்?

'கண்டும்' என்றால் கோதுமை, 'தெப்போங் கண்டும்' என்றால் கோதுமை மாவு. 'பார்லி', 'ரை', 'மால்ட்' இவற்றையும் தேடுங்கள். மலாயில் 'கஞ்சி' என்றால் மாவுச்சத்து. அது சோளத்திலிருந்தும் வரலாம், கோதுமையிலிருந்தும் வரலாம். எதிலிருந்து என்று எழுதவில்லையென்றால் நான் வாங்குவதில்லை. நம் நாட்டின் 1985 உணவு விதிமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். 'பெபாஸ் குளுதென்' என்றால் குளூட்டன் இல்லாதது. உலக அளவில் அதற்கான வரம்பு ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம்.

ஒரு வாய் கேக் சாப்பிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்? எங்கள் காலத்தில் இப்படி ஒரு நோயே கிடையாதே, அம்மா. (தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி)

பாட்டி, நீங்கள் கோபமாகக் கேட்கவில்லை, பாசத்தில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். என் மாமியாரும் இதையேதான் கேட்டார்.

சீலியாக் உள்ள பிள்ளை குளூட்டன் சாப்பிட்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற பகுதிகள் அங்கே தேய்ந்துபோகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரும், பேதியாகும். சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே புண்ணாகும். 'சாப்பிட்டானே, ஒன்றும் ஆகவில்லையே' என்கிற பேச்சு எனக்குப் பயம் தருவது அதனால்தான்.

அந்தக் காலத்திலும் இருந்தது பாட்டி, காரணம்தான் தெரியவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. மற்றவர்கள் வாடியபோதும் இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். கோதுமைதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவில்லை என்று 1950இல் அவர் தன் ஆய்வேட்டில் எழுதினார். அதே வருடங்களில், ஜப்பான்காரன் காலத்தில், இங்கே தோட்டத்து சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மரவள்ளியிலும் குளூட்டன் கிடையாது. என் மகனுக்கு இன்று நான் அவித்துத் தருவதும் அதே கிழங்குதான், தேங்காய்ப்பூ போட்டு.

கோயில் அன்னதானத்தில் சோறு, சாம்பார்தானே? அதில் கோதுமை எங்கே?

பெருங்காயத்தில். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றுக்கு கோதுமை மாவுதான் அடித்தளம். இதை நான் தெரிந்துகொண்ட விதம் வேதனையானது. ஒரு கல்யாண வீட்டில் 'சோறும் சாம்பாரும் சாப்பிடு, ஒன்றும் ஆகாது' என்று என் வாயாலேயே மகனிடம் சொன்னேன். இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்கலாம்.

கடைத் தோசையும் அப்படித்தான். அரிசியும் உளுந்தும் நல்லதுதான், ஆனால் ரொட்டி சானாய் (கோதுமை மாவுப் பரோட்டா) போட்ட அதே கல்லில் ஊற்றினால் ஆகாது. மீகூன் அரிசியில் செய்த நூடுல்ஸ், ஆனால் அதில் ஊற்றுகிற கிச்சாப்பில் (சோயா சாஸில்) பெரும்பாலும் கோதுமை உண்டு.

மைலோ என்கிற சாக்லேட் மால்ட் பானம்? பார்லி தண்ணீர்?

இரண்டும் வேண்டாம். இரண்டிலும் பார்லி.

என் பிள்ளைக்கு அடிக்கடி வயிறு ஊதுகிறது. ரொட்டியை நிறுத்திப் பார்க்கட்டுமா?

நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனை இருக்கிறது, தேவைப்பட்டால் குழாய் விட்டு சிறுகுடலில் துளி சதை எடுத்தும் பார்ப்பார்கள். பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவை சரியாகக் காட்டும். நாங்கள் அவசரப்பட்டு நிறுத்திவிட்டு, பரிசோதனைக்காக மறுபடி ரொட்டி கொடுக்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டான். கோதுமை ஒவ்வாமை என்று வேறு ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பரிசோதனை வேறு.

எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). குளூட்டன் இல்லாததால் இந்த சாலட் எனக்கும் நல்லதா?

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணே. கிழங்கு கிழங்குதான், அளவாகச் சாப்பிடுங்கள்.

நீங்கள் எப்படிச் செய்வீர்கள் அக்கா?

ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு அவித்து, ஆறியபின் உரித்து, கொஞ்சம் பெரிய துண்டாக நறுக்குவேன். சூட்டோடு கிளறினால் களியாகிவிடும். நான்கு அவித்த முட்டை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லி. மயோனீஸ் பாதி, கெட்டித் தயிர் பாதி. கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவேன். தாளித்ததற்காகவே என் மகன் இரண்டாம் தட்டு கேட்பான்.

நம் ஊர் வெயிலில் இதை வெளியே வைக்கக்கூடாது. பரிமாறும்வரை ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம், கொட்டகையில் நல்ல சூடு என்றால் ஒரே மணி நேரம்தான். சனிக்கிழமை விருந்து வைக்கிற தங்கச்சி, அந்தப் பிள்ளைக்குத் தனிக் கிண்ணத்தில் முதலில் எடுத்து மூடி வையுங்கள். கிண்ணத்தின் மேல் அவள் பெயரை எழுதி, என்னென்ன போட்டீர்கள் என்று அவள் அம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.