அக்காட்ட கேளுங்கோ: மடம் கட்டாத ஏஞ்சலா

கேள்வி: மகளுக்கு இந்த வருஷம் உறுதிபூசுதல் (கத்தோலிக்கர் விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்கு). அதுக்கு புனிதர் பேர் ஒண்டு தெரிவு செய்ய சொல்லியிருக்கினம், அவ ஏஞ்சலா மெரிச்சிதான் வேணும் எண்டு நிக்கிறா. மாமி சொல்றா அது பொம்பிளப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் கட்டின சிஸ்டர் எண்டு. மகள் சொல்றா சிஸ்டரே இல்லையாம். எது சரி அக்கா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மாமியோட சண்டைக்கு மட்டும் போயிராதீங்கோ, அவ சொல்றது பாதி சரி. ஆனா மகள் சொல்றதுதான் சுவாரசியமான பாதி.

ஏஞ்சலா பிறந்தது 1474 அளவில, வட இத்தாலியில கார்டா ஏரிக்கரையில தெசென்சானோ எண்ட ஊர்ல. சின்ன வயசிலயே தாய் தகப்பன் ரெண்டு பேரும் போயிட்டினம், அக்காவும் திடீரெண்டு செத்துப்போச்சு, சாகிறவங்களுக்கு குருவானவர் குடுக்கிற கடைசி அருட்சாதனம் கூட கிடைக்கல்ல, அது இவவ ரொம்ப காலம் வாட்டினதாம். மாமா வீட்டில வளர்ந்தவ. பிறகு பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில சேர்ந்தா, அதாவது மடத்துக்குள்ள போகாம வெளிய இருந்தே ஜெபதபம்.

அந்தக் காலத்தில ஒரு பொம்பிளப் பிள்ளைக்கு முன்னால ரெண்டே வாசல்தான், ஒண்டு கலியாணம், மற்றது மடம். கலியாணத்துக்கு சீதனம் வேணும் எண்டு நமக்கு சொல்லித்தர தேவையில்ல, ஆனா மடத்துக்கும் சீதனம் கட்டோணும் தெரியுமோ? கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அப்ப காசில்லாத வீட்டுப் பிள்ளை, ஆரோ ஒருத்தரிட வீட்டில சமைச்சு கூட்டிப் பெருக்கிற பிள்ளை, அதுகள் எங்க போறது? ஏஞ்சலா 1516ல பிரெசியா டவுனுக்கு வரேக்க அந்த ஊர் பிரெஞ்சுப் படை சூறையாடி நாலே வருஷம், பிள்ளைகளை பறிகொடுத்த ஒரு விதவையம்மாவுக்கு துணையாத்தான் வந்தவ, ஆனா வந்தவ அங்கயே தங்கிட்டா, ஆலோசனை கேக்க சனம் வரத் தொடங்கிட்டுது.

அவசரப்பட்டு ஒண்டும் தொடங்கல்ல பாருங்கோ. 1524ல எருசலேமுக்கு யாத்திரை போறா, போற வழியில கிரீட் தீவில கண்பார்வை போயிட்டுது. கூட வந்தவங்க திரும்பிப் போவமெண்டு சொல்லியிருப்பாங்கதானே, நானெண்டா முதல் கப்பல்லயே திரும்பியிருப்பன், இவ போயே ஆவன் எண்டு போய், ஒண்டையும் பாக்காம புனித இடமெல்லாம் கும்பிட்டுட்டு வர, அதே கிரீட்டில பார்வை திரும்ப வந்ததாம். அடுத்த வருஷம் ரோமில ஏழாம் கிளமெண்ட் பாப்பரசர் இங்கயே இருங்கோ எண்டு கேட்டும் நிக்கல்ல, பிரெசியாவுக்கே வந்திட்டா.

1535 நவம்பர் 25, அப்ப அறுபது வயசு தாண்டிட்டுது, 28 பொம்பிளப் பிள்ளைகளோட புனித உர்சுலா சபையை தொடங்கினா. மதில் இல்ல, எல்லாருக்கும் ஒரே அங்கி இல்ல, அவரவர் தங்கட வீட்டில, வேலை செய்ற வீட்டில இருந்துகொண்டே கடவுளுக்கெண்டு வாழ்றது. சீதனமும் கேக்கல்ல. ஒழுங்கு விதியை இவ வாயால சொல்லச் சொல்ல கொட்சானோ எண்டவர் எழுதினவர், அதில பள்ளிக்கூடம் நடத்துங்கோ எண்டு இல்லவே இல்ல. ஆனா பொறுப்பில இருக்கிறவங்களுக்கு சொல்லி வச்சிருக்கிறா, ஒவ்வொரு பிள்ளையையும் பேர் மட்டுமில்ல, அவட குணம், நிலைமை எல்லாத்தையும் மனசில பதிச்சு வச்சிருங்கோ, அதட்டாம அன்பா நடத்துங்கோ எண்டு. நாப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் இருக்கிற வகுப்பில இதை செய்து பாத்தாத்தான் எவ்வளவு கஷ்டமெண்டு விளங்கும்.

பள்ளிக்கூடம் பிறகுதான். 1540 ஜனவரி 27 அவ இறந்துட்டா, பிறகு உர்சுலா சபைப் பிள்ளைகள் மறைக்கல்வி, அதாவது சமயப் பாடம், சொல்லிக்கொடுக்கப் போய், அப்பிடியே எழுத்து வாசிப்பு எண்டு வளர்ந்தது. பிரான்சில 1612 தொடக்கம் அவங்களையும் மதிலுக்குள்ள மடமா ஆக்கிட்டாங்க, பள்ளிக்கூடம் பெருசா வளர்ந்ததும் அதுக்குள்ளதான். மாமிக்கு தெரிஞ்சது இந்தப் பாதி. ஏஞ்சலாவுக்கு 1807லதான் புனிதர் பட்டம்.

பேர் குடுக்கேக்க ஏஞ்சலா மெரிச்சி எண்டு முழுசா எழுதுங்கோ, ஃபொலிஞ்ஞோ ஏஞ்சலா எண்டு இன்னொரு புனிதரும் இருக்கிறா. திருநாள் ஜனவரி 27.

கேள்வி: நாங்க சைவம், ஆனா மகள் கொன்வென்ட்லதான் படிச்சவ. கனடாவில இருக்கிற தங்கச்சி கியூபெக் போனப்ப உர்சுலின் மடம் பாத்தாவாம். அதுவும் ஏஞ்சலா மெரிச்சியோடதா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உர்சுலின் எண்டா உர்சுலா சபைக்காரர், அவவட வழி வந்ததுதான். 1639ல பிரான்சிலருந்து கப்பலேறிப் போன மரி எண்ட உர்சுலின் சிஸ்டர் தொடங்கினது, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் அங்கத்தைய பழங்குடிப் பிள்ளைகளுக்கும் படிப்பிச்சு, அந்தச் சனத்திட பாஷையெல்லாம் பழகி அகராதியே எழுதினவ. 2014ல புனிதராக்கினாங்க. ஆனா ஒண்டு சொல்லோணும், இவ விதவை, மடத்துக்கு போகேக்க மகனுக்கு பதினொரு வயசு, அவனை விட்டுட்டுத்தான் போனவ. மகன் பிறகு துறவியாகி தாயோட கடிதத்தில உறவா இருந்தவர் எண்டாலும் எனக்கு இது இன்னும் செமிக்கல்ல. புனிதர் எண்டதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டோணும் எண்டில்லதானே.

கேள்வி: கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடமும் ஏஞ்சலா தொடங்கின சபையா?
- வாசகர், மட்டக்குளி

பதில்: இல்ல. அது மேரி யூப்ரேசியா, பிரான்சில ஆஞ்சே எண்ட நகரத்தில இருந்தவ, 1868ல இறந்து 1940ல புனிதரானவ. ஆஞ்சே, ஏஞ்சலா, காதில ஒண்டு போலத்தான் விழுது, நீங்க குழம்பினதில பிழையில்ல.