கல்யாணமாகி ஆறு வாரம், வயிற்றில் எட்டு வாரமா?

கேள்வி: எனக்கு மே 22 அன்று கல்யாணம். அதற்கு முன் மே 8-ல் மாதவிலக்கு வந்தது. ஜூலை 3-ல் எடுத்த ஸ்கேனில் 'எட்டு வாரம்' என்று போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து நாத்தனார் காலண்டரும் கையுமாக இருக்கிறார். ஸ்கேன் தப்பா?
- பெயர் வேண்டாம்

பதில்: ஸ்கேன் சரிதான். நாத்தனார் கல்யாண நாளிலிருந்து எண்ணுகிறார், டாக்டர் மே 8-லிருந்து எண்ணுகிறார். அவ்வளவுதான் விஷயம்.

கரு எந்த நாளில் உண்டானது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளைச் சொல்லிவிடலாம். அதனால் உலகம் முழுக்கக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். தலைக்கு ஊற்றிய நாள் இல்லை, உதிரம் பட்ட முதல் நாள். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14-ம் நாள். ஆக, கரு உண்டாவதற்கு முந்தைய இரண்டு வாரமும் உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. மே 8-லிருந்து ஜூலை 3 வரை எண்ணிப் பாருங்கள்: 56 நாள், சரியாக எட்டு வாரம்.

'ஸ்கேன் மெஷினுக்கு என் தேதி எப்படித் தெரியும்?' என்று கேட்பீர்கள். தெரியாது. சிசுவின் தலையிலிருந்து புட்டம் வரை அளக்கிறது; எட்டு வாரத்தில் அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். அந்த அளவுக்கு இத்தனை வாரம் என்ற அட்டவணையிலும் அதே இரண்டு வாரம் சேர்ந்தே இருக்கிறது.

பிரசவ தேதிக்கு மே 8-உடன் 280 நாளைக் கூட்டினால் பிப்ரவரி 12. ஒன்பது மாதமும் ஏழு நாளும் என்று விரல்விட்டு எண்ணினால் பிப்ரவரி 15. மூன்று நாளுக்காகக் குழம்ப வேண்டாம், அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். (பாட்டிமார் சொல்லும் பத்து மாதமும் இதேதான்: நாலு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் 40 வாரம்.)

ஒன்று மட்டும். இந்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். முதல் மூன்று மாத ஸ்கேனில் ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. ஏழெட்டு மாதத்தில் எடுப்பது இரண்டு, மூன்று வாரம்கூட முன்னே பின்னே காட்டும், குழந்தைக்குக் குழந்தை வளர்த்தி மாறுமே. அப்போது நாத்தனார் மறுபடி காலண்டரை எடுத்தால், ஜூலை 3 ரிப்போர்ட்டை நீட்டுங்கள். அதற்கு முன்பே உங்கள் கணவரை உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். அக்காவிடமோ தங்கையிடமோ பேச வேண்டியது அவர், நீங்கள் இல்லை.