ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் தொடர்ச்சியாகக் காப்புப் பிரதி எடுக்க என்ன வழிகள் உள்ளன?

கேள்வி கேட்டவரின் அலுவலக சர்வர் ஃப்ரீபிஎஸ்டியில் இயங்குகிறது. தொடர்ச்சியான காப்புப் பிரதிக்கான வணிக மென்பொருள்களோ விண்டோஸ், மேக், பிரபலமான சில லினக்ஸ் பதிப்புகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன என்று அவர் வருந்துகிறார். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சில அரிசி ஆலைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் இத்தகைய சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் என் கருத்து இது: அந்த நிறுவனங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நமக்குத் தேவையானதில் பெரும்பகுதி, வட்டில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் இயங்குதளப் பகுதியான கோப்பு முறைமைக்குள்ளேயே இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியில் அது இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சோலாரிஸுக்காக உருவாக்கிய இந்தக் கோப்பு முறைமை, 2008இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 7.0 முதல் அதனுடன் கிடைக்கிறது. மாறிய தரவைப் பழைய இடத்தின் மேலேயே எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது இதன் இயல்பு என்பதால், ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) எடுப்பதற்குக் கண நேரமே ஆகிறது. தரவு மாறும் அளவுக்குத்தான் வட்டில் இடமும் செலவாகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்குமாறு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் அமைத்து, முந்தையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ‘இசட்எஃப்எஸ் சென்ட்’ கட்டளையால் வேறொரு கணினிக்கு அனுப்பலாம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் போல இலட்சக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் துழாவி எது மாறியது என்று தேடும் வேலை இதில் இல்லை. ஐப்பசி மழையில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் நம் பகுதிக்கு இன்னொரு வசதி மிகவும் உதவுகிறது: பெறும் பக்கத்தில் ‘ரிசீவ்’ கட்டளையுடன் ‘-எஸ்’ என்ற தெரிவைச் சேர்த்துவிட்டால், பாதியில் நின்ற பரிமாற்றத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர முடியும். சனாய்ட், சின்காய்ட் என்ற இணைக் கருவிகள் இவ்வேலைகள் அனைத்தையும் ஒழுங்காகச் செய்துவிடுகின்றன.

கறாராகப் பார்த்தால், வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் பதிவு செய்வதே தொடர்ச்சியான காப்பு. அதற்கு நெருக்கமாக வருவது டிராகன்ஃபிளை பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஹாமர் கோப்பு முறைமை. வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு முறையும், அதாவது ஏறத்தாழ 30 முதல் 60 நொடிகளுக்கு ஒருமுறை, அது தானாகவே வரலாற்றைச் சேமிக்கிறது. ‘மிரர்-ஸ்ட்ரீம்’ கட்டளை அதை மற்றொரு வட்டுக்கு இடைவிடாமல் அனுப்புகிறது. பின்னால் வந்த ஹாமர்2இல் ஸ்னாப்ஷாட் உண்டு, ஆனால் இந்த நுண்ணிய வரலாறு இல்லை. நிறுவும்போதே இதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் இதே எண்ணத்தைச் செயல்படுத்துவது, ஜப்பானின் என்டிடி நிறுவனத்தில் பிறந்து 2009இல் லினக்ஸின் மையக் கருவான கெர்னலில் இணைந்த நில்எஃப்எஸ்2 கோப்பு முறைமை.

ஓபன்பிஎஸ்டியில் இவை எதுவும் கிடையாது. அங்கே ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதிக் கருவியைக் குறுகிய இடைவெளியில் ஓட்டுவதே நான் பரிந்துரைக்கும் வழி. அது கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரே நிரலாக அமைந்திருப்பதால் நெட்பிஎஸ்டி, சோலாரிஸ் வரை எளிதாக ஓடுகிறது. கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங்கைச் சிலர் காப்புப் பிரதியாகவே கருதுகிறார்கள். ஓரிடத்தில் அழித்த கோப்பு மறுபக்கத்திலும் அழிந்துவிடும் என்பதால், பழைய பதிப்புகளைச் சேமிக்கும் அமைப்பை இயக்காமல் அதை நம்பக் கூடாது.

தரவுத்தளங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தால், ஒரு கோப்பு முந்தைய நிமிடத்தையும் மற்றொன்று அடுத்த நிமிடத்தையும் காட்டும். அந்த நகல் திறக்காமலே போகலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் ‘பிஜி_ரிசீவ்வால்’ நிரல் மாற்றப் பதிவுகளை அவை எழுதப்படும்போதே வேறிடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அடிப்படைப் பிரதி ஒன்றும் உடனிருந்தால், விரும்பிய நேரத்து நிலைக்குத் தரவை மீட்கலாம். எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு லைட்ஸ்ட்ரீம் என்ற கருவி உண்டு. வங்கிக் கணக்கு, நெல் கொள்முதல் கணக்கு போன்றவற்றுக்கு இந்த முறையே உண்மையான தொடர்ச்சியான காப்பு. கோப்பு முறைமை ஸ்னாப்ஷாட் அதற்குத் துணை மட்டுமே.

இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்கிறது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களை ஒருசேரத் தாக்கியது; பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மன்னார்குடி அலுவலகத்தின் பிரதியைப் பட்டுக்கோட்டையில் வைப்பவருக்கு அப்படியொரு நாளில் இரண்டுமே கைக்கு எட்டாது. கோயம்புத்தூரோ பெங்களூரோ, டெல்டாவுக்கு வெளியே ஓரிடம் வேண்டும்.

அந்த வெளியூர்ப் பிரதி வேறோர் இயங்குதளத்தாலும் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். ஃப்ரீபிஎஸ்டி 13.0 முதல் லினக்ஸும் அதுவும் இசட்எஃப்எஸ்ஸின் திறமூல வடிவமான ஓபன்இசட்எஃப்எஸ்ஸின் ஒரே மூலநிரலைப் பயன்படுத்துவதால் அங்கே கவலை குறைவு. ஹாமர் வட்டைத் திறக்கவோ டிராகன்ஃபிளையே வேண்டும். ஆகவே அத்தகைய சர்வர்களிலும் வாரம் ஒருமுறை ரெஸ்டிக் பிரதி ஒன்றை எடுத்து அனுப்புங்கள். அதன் கடவுச்சொல் தொலைந்தால் எவராலும் தரவை மீட்க முடியாது. அதைத் தாளில் எழுதி, சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.