மவுண்ட் வெர்னன் போக ஏஜென்ட் வேண்டுமா?

கேள்வி: வர்ஜீனியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகையைக் காட்டுவதாக ஒரு டிராவல் ஏஜென்ட் பேக்கேஜ் சொல்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி. நாங்களே போய்வர முடியுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். மகளிடம் கார் இருந்தால் ஏஜென்ட்டே தேவையில்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "மாளிகைக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறோம்?" நேரம் சொல்லத் தடுமாறினால், அவர் விற்பது வளாகத்துக்கான டிக்கெட் மட்டும்தான். வளாகத்துக்கு ஒன்று, மாளிகைக்கு நேரம் குறித்த இன்னொன்று என்று எதற்குப் பிரித்து வைத்தார்களோ! வீட்டைப் பார்க்காமல் திரும்பவா இவ்வளவு தூரம் வருகிறோம்? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் காசு பார்க்கிறார்கள். கூகுளில் முதலில் வரும் விளம்பரங்களை நம்பாமல், மவுண்ட் வெர்னனின் சொந்த இணையதளத்திலேயே இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

"தேசியப் பூங்கா பாஸ் போதும்" என்று யாராவது சொன்னாலும் ஏமாறாதீர்கள். இது அரசின் இடமே அல்ல. பெண்கள் சங்கம் ஒன்று 1858-ல் விலைபேசி, இன்றுவரை நடத்துகிறது.

வாஷிங்டன் நகர மெட்ரோ ரயிலில் போனால் மஞ்சள் தடத்தில் ஹண்டிங்டன் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதே தடத்தில், நகரின் நடுவே 'மவுண்ட் வெர்னன் ஸ்கொயர்' என்று ஒரு நிலையம் வரும். அங்கே இறங்கிவிடாதீர்கள்! மாளிகை அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் நம்முடைய தரைத்தளம். அது தெரியாமல், "ஃபர்ஸ்ட் ஃப்ளோர் மட்டும்தான் பார்க்க முடியும்" என்றதும் மாடி ஏற வேண்டுமோ என்று பயந்து வெளியிலேயே உட்கார்ந்துவிட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 அன்று உயிர்விட்ட படுக்கையறை மாடியில் இருக்கிறது. அதற்குத்தான் படி ஏற வேண்டும். படி ஏற முடியாது என்று ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாஷிங்டனின் பிரெஞ்சு நண்பர் லஃபாயெத் அனுப்பிய, பாரிஸ் பாஸ்டில் சிறையின் சாவி கீழே நடைக்கூடத்தில்தான் தொங்குகிறது. பின்புறத் தாழ்வாரத்தில் நாற்காலிகள் உண்டு; பொட்டோமாக் ஆற்றைப் பார்த்தபடி உங்கள் மனைவி ஓய்வெடுக்கலாம்.

வாஷிங்டனின் கல்லறைப் பக்கம் போவது இறக்கம், திரும்புவது ஏற்றம், மெதுவாகப் போங்கள். அதன் அருகிலேயே அடிமைகளைப் புதைத்த மயானமும் நினைவிடமும் உள்ளன. 1799-ல் இந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவசர பேக்கேஜ்களில் முதலில் வெட்டப்படுவது இந்த இடம்தான். நீங்களாகப் போனால் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.