அறிக்கை வந்தது, அப்புறம்?

கேள்வி: எங்கள் கம்பெனியில் வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்து, மூன்று மாதம் எல்லோரையும் குடைந்து, ஓர் அறிக்கை வாங்கினார்கள். அப்புறம் பேச்சே இல்லை. காசு கொடுத்து வாங்கும் ஆய்வின்படி யாராவது நிஜமாகவே நடக்கிறார்களா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நடக்கிறார்கள். பிடித்த பக்கத்தின்படி மட்டும்.

நான் முன்பு ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸில் இருந்தேன். அங்கேயும் ஆலோசகர்கள் வந்தார்கள். கம்ப்ரசர் குழாய்களில் காற்று கசிந்து கரண்ட் பில் ஏறுகிறது, மாற்றுங்கள் என்பது முதல் பரிந்துரை. கடைசிப் பக்கத்தில் டீ நேரம் பற்றி ஒரு வரி. அடுத்த திங்கட்கிழமையே டீ நேரம் 15 நிமிடத்திலிருந்து 10 ஆனது. குழாய், நான் வேலையை விட்ட நாள்வரை 'உஸ்' என்றுதான் இருந்தது. அறிக்கையும் வீணாகவில்லை, ஆடிட்டர் வந்தால் தூசி தட்டிக் காட்டுவோம்.

அரசாங்கமும் இப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க வழி கேட்டு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் குழு போட்டது. 2011 ஆகஸ்டில் அறிக்கை தயார். மலை முழுவதையும் மூன்று மண்டலமாகப் பிரித்துப் பாதுகாக்கச் சொன்னது. அமைச்சகம் அதை வெளியிடவே இல்லை! தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டு, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போய், 2012 மேயில்தான் வெளியே வந்தது. கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றார் காட்கில். அறிக்கை பூட்டிக் கிடந்ததால், மலைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது வதந்திதான். நிலம் பறிபோகும் என்று விவசாயிகள் பயந்ததில் ஆச்சரியமில்லை.

அதே ஆண்டு விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு. அது மலையில் சுமார் 37 சதவீதத்தைக் காத்தால் போதும் என்றது. சரி, அதையாவது செய்தார்களா? 2014இல் அந்தப் பகுதியைப் பாதுகாக்க வரைவு அறிவிக்கை, அதாவது இறுதி உத்தரவுக்கு முந்தைய நகல். காலாவதியானதும் மறுபடி வரைவு, மறுபடி வரைவு. ஆறாவது வரைவின் தேதி 2024 ஜூலை 31. முந்தைய நாள் அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயிருந்தன.

உங்கள் அறிக்கை கையில் கிடைத்தால், எந்தப் பரிந்துரைக்கு எதிரே பொறுப்பாளர் பெயரும் தேதியும் பணமும் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அது மட்டும் நடக்கும். மற்றதற்கெல்லாம் புது ஆலோசகர்கள் வருவார்கள். அதுவரை டீ நேரத்தை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.