பாதம் மரத்துப் போவது 'கழிவு வெளியேறுவது' அல்ல

கேள்வி: எனக்கு வயது 31, உயரம் 162 செ.மீ. ஒன்றேகால் வருடமாகப் பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாமல், பெரும்பாலும் சமைக்காத உணவையே சாப்பிட்டு வருகிறேன். காலையில் பாலக் கீரையும் பழமும் சேர்த்து அரைத்த ஸ்மூத்தி, மதியம் முளைகட்டிய பயறும் சாலட்டும், மாலையில் ஊறவைத்த பாதாம், இரவில் மறுபடி பழங்கள். ஆரம்பத்தில் உடம்பு லேசானது, முகப்பரு மறைந்தது, எடை 68 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்தது. சில மாதங்களாக முடி கொட்டுகிறது, எந்நேரமும் குளிர்கிறது, பாதங்கள் மரத்துப் போகின்றன. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. என்னைப் போலவே சாப்பிடும் நண்பர்கள், "பழைய கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்" என்கிறார்கள். ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது. பி12 சத்துக்காக ஸ்பைருலினா எடுக்கிறேன். விலங்குகளைத் துன்புறுத்தாமல் வாழ வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன், கைவிட மனமில்லை. என்ன செய்யலாம்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடும் என் அம்மாவும் (62) இதற்கு மாற ஆசைப்படுகிறார். மாறலாமா?

பதில்: பாதம் மரத்துப் போவதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதியவற்றில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதது அதுதான். முடி உதிர்வதும் குளிர்வதும் சாப்பாட்டைச் சரிசெய்தால் பெரும்பாலும் மாறிவிடும். பாதம் மரத்துப் போவதோ நரம்புச் சிக்கலாக இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவால் நரம்பு பழுதானால், தாமதமாகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அது முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

வைட்டமின் பி12-ஐ எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன. இறைச்சி, பால், முட்டை வழியாக அது நமக்கு வந்து சேர்கிறது. நம் தேவை ஒரு நாளைக்கு 2 முதல் 4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் சில மில்லிகிராம் இருப்பு இருக்கும் என்பதால் வரவு நின்ற பிறகும் பல மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள், எதுவும் தெரியாது. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று பலர் நம்பிக்கையோடு தொடர்வது இந்தக் காலத்தில்தான். உங்களுக்கு ஒன்றேகால் வருடத்திலேயே அறிகுறி தெரிகிறது என்றால், தொடங்கும்போதே இருப்பு குறைவாக இருந்திருக்கலாம்.

ஹீமோகுளோபின் 12.4 என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கீரையும் பச்சைக் காய்கறியும் நிறையச் சாப்பிடுகிறீர்கள், அவற்றில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளம். பி12 குறைந்தால் வரவேண்டிய ரத்தசோகையை ஃபோலேட் மறைத்துவிடும், ஆனால் நரம்புக்கு நேரும் சேதத்தை அது தடுக்காது. ரத்தம் நன்றாக இருப்பதுபோல் காட்ட, உள்ளே தண்டுவடம் பாதிக்கப்பட்டுக்கொண்டே போகும். ரத்த அறிக்கையில் எம்.சி.வி. என்று சிவப்பணுவின் சராசரி அளவு போட்டிருப்பார்கள். இரும்புச்சத்து குறைந்தால் அது சிறிதாகும், பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் நின்று 'நார்மல்' என்று வரும். உங்கள் உணவில் இரண்டுமே குறைய வாய்ப்பிருக்கிறது.

மருத்துவரிடம் போனால் அவர் ஓர் இசைக்கவையைத் தட்டி உங்கள் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைப்பார். அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று கேட்பார். கண்ணை மூடச் சொல்லி, விரலை மேலேயோ கீழேயோ அசைத்து, எந்தப் பக்கம் அசைந்தது என்பார். கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார். பி12 குறைவில் அதிர்வு உணர்வும், விரல் எங்கே இருக்கிறது என்ற உணர்வும்தான் முதலில் மங்கும், வலி உணர்வு பிறகுதான். அவர் இந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஸ்பைருலினாவை இதற்காக நம்பியது உங்கள் தவறல்ல, பாட்டிலிலேயே 'பி12' என்று போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி போலி பி12, மனித உடலுக்குப் பயன்படாத ஒரு வடிவம். நிறுத்திவிடுங்கள். மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு என்பது தெளிவு. 200-க்கும் 300-க்கும் இடையில் என்றால், பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்தால்தான் உண்மை தெரியும். மரத்துப் போகும் அறிகுறி இருப்பதால், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த அன்றே சிகிச்சை தொடங்குவதுதான் சரி, அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நரம்பு பாதிப்பு இருந்தால் முதலில் ஊசிதான் போடுவோம், பிறகு மாத்திரை. பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மட்டும் உள்ள மாத்திரையைப் போடாதீர்கள். பி12 அளவு சரியாகும்வரை பல் சிகிச்சைக்கோ அறுவைக்கோ நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கொடுக்க வந்தால், உங்கள் நிலையைச் சொல்லித் தவிர்த்துவிடுங்கள். அந்த வாயு மிச்சமிருக்கும் பி12-ஐயும் செயலிழக்கச் செய்துவிடும்.

உங்கள் மனசாட்சிக்காக ஒன்று: மருந்தாக வரும் பி12 பாக்டீரியா நொதித்தலில் தயாராவது. விலங்குகளுக்கு அதில் வேலையே இல்லை. கேப்ஸ்யூலின் மேலுறை மட்டும் ஜெலட்டினாக இருக்கலாம், மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். குறைபாடு தீர்ந்த பிறகும், வீகனாக, அதாவது விலங்குப் பொருள் எதுவும் தொடாமல், இருக்கும்வரை, தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும்.

அடுத்தது மாதவிலக்கு. முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லை என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கூடவே புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால் ஆகிய ஹார்மோன்களின் அளவைப் பாருங்கள். என் ஊகம் என்னவென்றால், உங்கள் மூளை சினைப்பையைத் தற்காலிகமாக ஓய்வில் விட்டிருக்கிறது. உடம்புக்குப் போதாத அளவு கலோரி வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி முதலில் நிறுத்துவது இனப்பெருக்க வேலையை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு 19.4, பட்டியல்படி 'சரியான எடை'. அதைக் காட்டி ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லக்கூடும். எடை எத்தனை என்பதோடு, 17 கிலோ எவ்வளவு வேகமாகப் போனது, இன்றைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் சமைக்காத உணவில் நீண்ட காலம் இருந்தவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 1999-ல் வெளியானது. அதில் 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. இவ்வளவு பேருக்கு நடப்பதை உங்கள் நண்பர்கள் வட்டத்திலும் யாராவது அனுபவித்துக்கொண்டு சொல்லாமல் இருக்கலாம்.

மாதவிலக்கு நிற்பதைச் சில பெண்கள் வசதி என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் எலும்பு கரைகிறது. 31 வயதில் சேமிப்பில் இருக்க வேண்டிய எலும்பு அது. ஆறு மாதத்தைத் தாண்டினால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை கொடுத்து 'வரவைப்பது' தீர்வல்ல. மாத்திரையை நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கு, மூளை மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் இல்லை. தீர்வு சாப்பாடுதான், அதற்குச் சில மாதங்கள் ஆகும். இன்னொன்று, மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும், ஆகவே கர்ப்பம் வேண்டாம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். வேண்டும் என்றால், பி12 நிரம்பிய பிறகு திட்டமிடுங்கள். தாயிடம் பி12 இல்லாமல் பிறந்து தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

கழிவு வெளியேறுகிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். கழிவை ஈரலும் சிறுநீரகமும் நாள் தவறாமல் வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கழிவு வெளியேறினால் பாதம் மரத்துப் போகும் என்று உடலியலில் எங்கும் இல்லை. அந்த விளக்கம் எனக்குக் கவலை தருவதற்குக் காரணம், அறிகுறி கூடக் கூட 'நன்றாக வேலை செய்கிறது' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளச் சொல்கிறது. நண்பர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனி உங்கள் தட்டு. இரண்டு தனித்தனி முடிவுகளை நீங்கள் ஒன்றாக எடுத்திருக்கிறீர்கள். விலங்குப் பொருள் வேண்டாம் என்பது ஒன்று, சமைக்க வேண்டாம் என்பது மற்றொன்று. முதலாவதை நான் மதிக்கிறேன். பி12 மாத்திரையும் கொஞ்சம் திட்டமிடலும் இருந்தால் வீகனாக ஆரோக்கியமாக வாழலாம். பி12 குறைவு தவிர, உங்களைப் படுத்துவது பெரும்பாலும் இரண்டாவது. பருப்பை வேகவைப்பதால் எந்த விலங்குக்கும் துன்பம் இல்லை.

பச்சையாகவே சாப்பிட்டுப் போதிய கலோரி எடுப்பது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். ஆப்பிளில் மட்டும் 1,800 கலோரி சேர்க்க ஏறத்தாழ மூன்றரை கிலோ சாப்பிட வேண்டும். வெள்ளரிக்காய், இலைகள் என்றால் அதைவிடப் பல மடங்கு. வயிறு நிறைந்துவிடும், உடம்புக்குப் போதாது. புரதமும் அப்படித்தான். உங்கள் எடைக்கு நாளைக்கு 45 கிராமாவது வேண்டும். முளை நீண்ட பாசிப்பயறு 100 கிராமில் சுமார் 3 கிராம்தான் புரதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதே அளவு வேகவைத்த பயறிலோ பருப்பிலோ 7 முதல் 9 கிராம் இருக்கும்.

சமைத்தால் 'உயிருள்ள நொதிகள்' செத்துவிடும் என்பார்கள். செடியின் நொதிகள் செடியின் வேலைக்கானவை. நம் இரைப்பை அமிலம் அவற்றையும் ஒரு புரதமாகத்தான் நடத்திக் குலைக்கிறது. நம் செரிமானத்துக்கான நொதிகளைக் கணையமும் குடலும் சுரக்கின்றன. சமைத்தால் வைட்டமின் சி கணிசமாகக் குறைகிறது, ஃபோலேட்டும் குறைகிறது, அது உண்மை. அதனால்தான் கொஞ்சம் பச்சைக் காய்கறியும் பழமும் தினமும் இருக்க வேண்டும் என்கிறேன். ஆனால் தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் வெந்து, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். விதை முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமி பெருகவும் தேவையானவை. கிருமி விதையின் விரிசலுக்குள் இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஆவி பறக்க நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊறவைத்தாலும் பச்சையாக நாலைந்து விதை போதும், அதிலுள்ள நச்சால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரம் வேக வேண்டும். மிதமான சூட்டில் அரைகுறையாக வெந்தால் அந்த நச்சு இன்னும் வீரியமாகும்.

தினமும் பாலக் ஸ்மூத்தி வேண்டாம். 100 கிராம் பாலக்கில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் பல நூறு மில்லிகிராம் இருக்கும், பாதாமிலும் அது அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்களை நாங்கள் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறோம். பச்சைக் கீரைச்சாறு குடித்தே சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பு), வைட்டமின் டி பாருங்கள். உப்பு அயோடின் சேர்த்ததா என்று பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், அலங்கார உப்புகள் பலவற்றில் அது இருக்காது. எப்போதும் குளிர்வதற்குத் தைராய்டும் காரணமாக இருக்கலாம். ஆளி விதைப் பொடியோ வால்நட்டோ தினமும் கொஞ்சம் சேருங்கள். நாள் முழுக்கப் பழம் கொறிப்பது பல் எனாமலை அரிக்கும், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். முடி கொட்டுவது, எடை வேகமாக இறங்கியதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வந்த பதிலாக இருக்கும், எடை இறங்குவது நின்று சத்து சேர்ந்தால் முடி வளரும்.

நடைமுறையில், மதியமும் இரவும் வெந்த பருப்பு அல்லது பயறு, தானியம், வெந்த காய்கறி, கொஞ்சம் எண்ணெய். கூடவே இப்போது சாப்பிடும் சாலட், பழம், கொட்டைகள். இப்படிச் சாப்பிட்டு முதல் இலக்காக நாலைந்து கிலோ ஏற்றுங்கள். எடை கூடுவது பயமாகவோ குற்ற உணர்வாகவோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு. நடை தள்ளாடினாலோ, மரத்துப் போவது முழங்காலை நோக்கி ஏறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அம்மா இதற்கு மாற வேண்டாம். சர்க்கரைக்கு அவர் போடுவது மெட்ஃபார்மின் என்றால், அதுவே பி12-ஐக் குறைக்கும். அவருக்கும் அளவு பாருங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரை என்றால், சாப்பாடு திடீரென்று குறையும்போது சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். ரத்த அழுத்த மாத்திரைகள் சில பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும், சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் பழச்சாறும் கீரைச்சாறும் இதயத் துடிப்பையே குழப்பும். காய்கறி அதிகம் வேண்டும் என்ற அவர் ஆசை நல்ல ஆசை. வழக்கமான சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம் நன்றாகக் கழுவிய பச்சைக் காய்கறி சாப்பிடட்டும், பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடட்டும். அதற்கு மேல் எதை மாற்றுவதானாலும், மாத்திரைச் சீட்டையும் கிரியேட்டினின், பொட்டாசியம் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.